ஜூம் இல்லாத கேமரா

என் அக்கா வீட்டுக்காரரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நானே லேசுப்பட்டவன் இல்லை. துபாயில் முப்பது மாடிக் கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பதினொரு வருடமும் லிஃப்ட் கதவு மூடும்போதெல்லாம், சாகும்போது சொல்கிற கலிமாவைச் சொன்னவன். அப்பேர்ப்பட்ட என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார் மச்சான்.

சிதம்பரம் மேல வீதியில் அவருக்குச் செருப்புக்கடை இருந்தது. வண்டிக்கு லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் பக்காவாக வைத்திருப்பார். ஆனாலும் தூரத்தில் ஒரு போலீஸ் தொப்பி தெரிந்தால் போதும், இறங்கி வண்டியைத் தள்ள ஆரம்பித்துவிடுவார். "தள்ளிகிட்டுப் போறவன எதுக்கு மாப்ள புடிக்கப் போறாங்க?" என்பார். விடியற்காலைத் தொழுகைக்குப் போகும் வழியில் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். கடைசியாக எப்போது குரைத்தோம் என்று அதற்கே ஞாபகம் இருக்காது. அதற்குப் பயந்து மூன்று தெரு சுற்றிப் பள்ளிவாசலுக்குப் போவார். கடையில் யாராவது அறுந்த செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சத்தம் போட்டால், சைஸ் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பரண்மேல் ஏறிவிடுவார். வந்தவர் போய்விட்டாரா என்று மேலிருந்து எட்டிப் பார்த்த பிறகுதான் இறங்குவார். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வேர்க்கும்.

அதே மனிதர் கண்ணில் கேமராவை வைத்துவிட்டால் பயம் என்றால் என்னவென்றே தெரியாதவர் ஆகிவிடுவார். எங்கள் குடும்பத்துக்கு வந்த சோதனை அதுதான்.

முதலில் அவரிடம் இருந்தது சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. அதை வைத்துக்கொண்டே அவர் எங்களைப் படாதபாடு படுத்தினார். ஒரு வருடம் நான் லீவில் வந்திருந்தபோது புயல் வந்தது. எங்கள் வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில். எட்டாம் நம்பர் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததும் மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிஸ்கட் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தி உட்கார்ந்திருந்தோம். கதவு தட்டுகிற சத்தம். திறந்தால், சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி, தொப்பலாக நனைந்து மச்சான் நிற்கிறார்.

"என்னா மச்சான், அக்காவுக்கு என்னா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கா. அலை பாக்கணும் மாப்ள, கூட வா."

போகாமல் என்ன செய்வது? தனியாக அனுப்பிவிட்டு நாளைக்கு அக்காவுக்கு யார் பதில் சொல்வது? துறைமுகத்தில் கருங்கல் கொட்டியிருக்கும் தடுப்பு வரைக்கும் என் பின்னால் ஒளிந்து ஒளிந்துதான் வந்தார். காற்று தள்ளியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அங்கே போய்க் கேமராவைக் கண்ணில் வைத்தார். அவ்வளவுதான். கல்லுக்குக் கல் தாவிப் போய்க்கொண்டே இருக்கிறார். நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. ஒரு அலை வந்து இடுப்புவரை அடித்தது. அடுத்தது காலில் கிடந்த செருப்பை உருவிக்கொண்டு போனது. ஊரில் எல்லார் காலையும் பார்ப்பதே பிழைப்பாக இருந்தவர், தன் கால் எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. கடைசியில் படகைக் கட்ட வந்த மீனவர்கள் இரண்டு பேர் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிவந்து கரையில் போட்டு, "சாவுறதுக்கு உங்களுக்கு வேற எடமே கெடைக்கலயா பாய்?" என்று திட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து கைலி மாற்றிக்கொண்டு, தலையைத் துவட்டிக்கொண்டே எடுத்த படங்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது.

"யா அல்லாஹ்! இவ்ளோ கிட்டயா நின்னேன்? நீ ஏண்டா மாப்ள என்னப் புடிச்சு இழுக்கல?"

மூன்று நாள் காய்ச்சல். ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்று டாக்டர் காலில் விழாத குறை. பயம் அவருக்கு வராமல் இல்லை, லேட்டாக வந்தது.

ஏன் மச்சான் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். "கட்டத்துக்குள்ள வந்துட்டா அது படம் மாப்ள. படம் கடிக்குமா? படம் நனைக்குமா?" அவர் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அக்காவுடைய கதையை அவளாகச் சொல்லமாட்டாள். நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். ஒருநாள் கோபுரத்தின் மேல் கிளிக்கூட்டம் வந்து உட்கார்ந்ததைப் படமெடுக்க மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார். அக்கா கீழே வாசலில் நின்று மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். மீன்காரி அண்ணாந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஏறி, அங்கிருந்து கைப்பிடிச்சுவரில் ஒரு காலை வைத்து, இன்னொரு காலை எங்கே வைக்கலாம் என்று காற்றில் தேடிக்கொண்டிருக்கிறார் மச்சான். அக்கா கூப்பிட்டாள். காதில் விழவில்லை. பலமாகக் கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டு, கையில் மீன் சட்டியோடு அப்படியே நின்றாளாம். அவராகக் கேமராவை இறக்கி, கீழே பார்த்து, "யா அல்லாஹ்" என்று சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டார். பிறகு அக்கம்பக்கத்து ஆட்கள் போய் ஏணி வைத்து இறக்கினார்கள்.

"அன்னிலேர்ந்து அவுரு மாடிப்படி ஏறுற சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுடா தம்பி" என்றாள் அக்கா.

அவர் மவுத்தாகி மூன்று வருடம் ஆகிறது. அலை அடித்தும் இல்லை, மாடியிலிருந்து விழுந்தும் இல்லை. சர்க்கரை நோய். கடைசி இரண்டு வருடம் தினம் இரண்டு வேளை ஊசி போட வேண்டியிருந்தது. ஊசிக்குச் செத்துப் பிழைக்கிறவர் எப்படிப் போட்டுக்கொண்டார் என்று கேட்பீர்கள். அக்கா மருந்தை ஏற்றும்போது அவர் தலையணைப் பக்கத்தில் இருக்கும் பெரிய கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்து ஜன்னலைப் பார்த்துக்கொள்வார். ஊசி ஏறும், இறங்கும், அவருக்குத் தெரியாது. "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுக் கேமராவைக் கீழே வைப்பார். நானே இரண்டு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்தப் பெரிய கேமரா நான் வாங்கிக் கொடுத்தது. அதை வாங்கின கதையைத்தான் சொல்ல வந்தேன். அந்தக் கேமராவுக்குத் தப்பி அவர் பிழைத்துக் கிடந்தார் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

எங்களில் சபுராளி, அதாவது வெளிநாட்டில் இருப்பவன், ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் எல்லாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டாக வேண்டும். அதிலும் அக்கா வீட்டுக்காரரிடம் கேட்காமல் வந்தால் அது காலத்துக்கும் பேச்சாகிவிடும். நானும் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். மச்சான் ஒவ்வொரு தடவையும், "தைலம் ரெண்டு பாட்டில் போதும் மாப்ள" என்பார். எங்களைப் பெற்ற அத்தா மவுத்தானபோது கபுருக்குள் இறங்கி, எனக்கு முன்னால் மண் அள்ளிப் போட்டவர். பாம்பு கீம்பு இருக்குமோ என்று கால் நடுங்க நடுங்க இறங்கினார், ஆனால் இறங்கினார். அந்த மனிதருக்கு நான் ஏழு தடவையும் தைலம்தான் கொண்டுபோயிருக்கிறேன்.

எட்டாவது தடவை கேட்டபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஜாஸ்தி கேக்குறேன்னு நெனைக்காத. டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒண்ணு... முடிஞ்சாப் பாரு. இல்லாட்டி தைலமே போதும்" என்றார். வயசுப் பிள்ளை பெண் பார்க்கச் சொல்வதுபோல் இருந்தது அந்தக் குரல். இன்ஷா அல்லாஹ் வாங்கிட்டு வரேன் மச்சான் என்று சொல்லிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் அக்கா கூப்பிட்டாள். கழிப்பறைக்குள் நின்று பேசுகிறாள் என்பது குரல் எதிரொலித்ததில் தெரிந்தது.

"அதுக்குப் பதிலா கஃபன் துணி வாங்கிட்டு வந்துடு தம்பி. ரெண்டும் ஒண்ணுதான்."

"என்னாக்கா, மவுத்தானவங்களுக்குச் சுத்துற துணியப் போயி கேக்குற?"

"ஒனக்குத் தெரியாது. கொஞ்ச நாளா அவுருக்கு முதலைப் பைத்தியம் புடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா ஆத்தங்கரைக்குப் போயிடுறாரு. இந்தச் சின்ன கேமராவுல தெளிவா வரலன்னு பொலம்பிகிட்டு இருக்காரு. பெருசு வந்தா என்னா ஆவும்னு யோசி."

சிதம்பரத்துக்காரர்களுக்கு முதலை புதிது இல்லை. பழைய கொள்ளிடத்தில் கிடக்கிறது. மழைக்காலத்தில் வாய்க்கால் வழியாக ஏறி, குளத்தில், வயலில், சில சமயம் வீட்டுக் கொல்லையிலும் வந்து படுத்திருக்கும். குளிக்கப் போனவர் திரும்பி வராத வீடுகள் அந்தப் பக்கத்தில் உண்டு. வாங்காமல் போனால் மச்சான் வாயைத் திறந்து கேட்ட ஒரே பொருளை மறுத்த பாவம். வாங்கிப் போனால் அக்கா தாலி என் கையில். எங்களில் கருகமணி என்போம், அது எப்படியோ போகட்டும்.

அந்தப் பயத்தில்தான் எனக்கு ஒரு புத்தி உதித்தது. அதைப்போல ஒரு கெட்ட புத்தி அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடித்துக் கேமரா கடைக்குப் போனேன். விற்கிறவர் மலையாளி, பொறுமைசாலி. கண்ணாடிக்குள் இருபது, முப்பது கேமரா கறுப்பாக உட்கார்ந்திருந்தது. எதைப் பார்த்தாலும் எனக்கு மச்சான் முகம் தெரிந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கேட்டார்.

"ஆர்க்கு வாங்கணும் சேட்டா?"

"எங்க மச்சானுக்கு. போட்டோன்னா உசிரு."

"ஆளு எந்தா எடுக்கும்? பட்சி, மிருகம் அங்ஙனே எதாச்சும்?"

முதலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சேச்சே, அதெல்லாம் இல்ல. வீட்டு ஆளுங்க, புள்ளைங்க, கல்யாணம் காட்சி" என்றேன்.

அவர் ஒரு நீள லென்ஸை எடுத்து மாட்டிக் காட்டினார். தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் சட்டைப் பொத்தான் எனக்குத் தெரிந்தது. பயந்து கீழே வைத்துவிட்டேன். இதைக் கொடுத்தால் மனிதர் ஆற்றங்கரையே கதி என்று கிடப்பார். பிறகு குட்டையாக ஒன்றை எடுத்தார். ஐம்பது எம்.எம். லென்ஸ், விலை குறைவு, முகங்களை எடுக்க இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, ஆனால் இதில் ஜூம் கிடையாது, தூரத்தில் இருப்பது கிட்டே வராது என்றார்.

"வரவே வராதா?"

"வராது."

"முறுக்கினா, திருக்கினா?"

"ஒண்ணும் நடக்காது சேட்டா."

எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவரே திகைத்துவிட்டார். தூரத்தில் இருப்பதைப் பிடிக்காத கேமரா! முதலையைப் பிடிக்க முடியாவிட்டால் மனிதர் வீட்டோடு உட்கார்ந்து அக்காவையும் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டிருப்பார். மச்சானுக்கும் ஆசை நிறைவேறும், அக்காவுக்கும் நிம்மதி. பாம்பும் சாகணும், தடியும் உடையக்கூடாது. அந்த ஒரு லென்ஸை மட்டும் போட்டு, பையோடு வாங்கிக்கொண்டு வந்தேன். அக்காவுக்குப் போன் செய்து, "இதுல முதலை எடுக்கவே முடியாதுக்கா, கடக்காரனே சொல்லிட்டான்" என்றேன். அவள் எனக்காக அழுது துஆ செய்தாள்.

சிதம்பரம் வீட்டில் மச்சான் அந்தப் பெட்டியைப் பிரித்த விதத்தை என்னால் மறக்க முடியாது. கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். பெட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் பிரித்து மடித்து வைத்தார். கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்து லென்ஸைத் திருகிப் பார்த்தார். அக்காவும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"இதுல ஜூம் இல்ல போல மாப்ள."

"இல்ல மச்சான். கடயில அதான் நல்லதுன்னு..."

"ரொம்ப நல்லதாப் போச்சு. ஜூம் இருந்தா மனுசன் சோம்பேறி ஆயிடுவான். இதுல நாமதான் நடக்கணும். எவ்ளோ பெருசா வேணுமோ அவ்ளோ கிட்டப் போயிடணும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல் இரண்டு வாரம் நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. வீட்டில் எல்லாரையும் எடுத்தார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிற படம் ஒன்று, அவ்வளவு அழகு. என் அக்கா இத்தனை அழகி என்று எனக்கே அன்றுதான் தெரியும். ஆஹா, பிழைத்தோம் என்று நினைத்தேன். என் லீவு முடிய எட்டு நாள் இருந்தது.

அன்று மதியம் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால், தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் பக்கம் வரை செருப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. நடுவில் அகலமாக, போகப் போக ஒடுங்கி, கடைசியில் பிள்ளைகள் செருப்பு ஒற்றை வரிசையாக. முன்னால் கறுப்பு கம்பூட் இரண்டை ஒட்டிப் படுக்க வைத்திருந்தார். மச்சான் மூலையில் நின்று கேமரா வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா மச்சான் இது?"

"பத்தடி முதலை" என்றார் கேமராவை எடுக்காமலே. "முழு ஒடம்பும் வேணும்னா இருவது அடி தள்ளி நிக்கணும் மாப்ள. கணக்காப் பாத்துட்டேன். தலை மட்டும் வேணும்னா..." என்று சொல்லிக்கொண்டே நடந்தார். இரண்டு எட்டு, மூன்று எட்டு, இன்னும் ஒன்று. கம்பூட்டுக்கு நேர் எதிரே வந்து நின்றார். "இங்க. ஆறடி. ஆறடியில சும்மா ஜம்முனு வருது."

அந்த ஆறடியை நான் குனிந்து பார்த்தேன். தரையில் பதித்த இரண்டடி ஓடு, மூன்றே மூன்று. நீள லென்ஸ் வாங்கியிருந்தால் அவர் ரோட்டிலேயே நின்று எடுத்திருப்பார். அவரை மூன்று ஓடு தூரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது நான். என் புத்திசாலித்தனம்.

மறுநாளே புதுச்சேரிக்கு ஓடினேன். ஜூம் லென்ஸ் இருக்கிறது, ஆனால் இந்தக் கேமராவுக்குப் பொருந்துவது ஆர்டர் போட்டால் இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள். ஆர்டர் போட்டுவிட்டு வந்து மச்சானிடம் கெஞ்சினேன். "ரெண்டே வாரம் பொறுங்க மச்சான்." அவர், "மார்கழி வெயிலுக்குத்தான் அது மேட்டுல ஏறிப் படுக்கும் மாப்ள. அது எனக்காகக் காத்துகிட்டு இருக்குமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்புவது என்று முடிவாகிவிட்டது. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நீயும் கூடப் போ தம்பி. அவுரு சட்டையப் புடிச்சுக்க. விட்டுடாத."

பழைய கொள்ளிடத்துக் கரைக்கு வண்டியில் போனோம். பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. ஆற்றில் முதலை உள்ளது, இறங்காதீர் என்ற பலகைக்குப் பக்கத்திலேயே மச்சான் வண்டியை நிறுத்தினார். அந்தப் பலகையைப் பார்த்து அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா எங்களை நிறுத்தினார்.

"எங்க போறீங்க பாய்? கீழ எறங்காதீங்க. முந்தாநாளு எங்க கெடாவ வாயில கவ்விகிட்டுப் போயிருச்சு. எம்மாம் பெரிசுன்றீங்க!"

"சும்மா பாத்துட்டுப் போயிடுவோம்மா" என்றார் மச்சான்.

கரைச் சரிவில் நாணலுக்குப் பக்கத்தில் அது படுத்திருந்தது. முதலில் எனக்கு மரக்கட்டையாகத்தான் தெரிந்தது. பிறகு கண் தெரிந்தது. தொடை இரண்டும் ஆட ஆரம்பித்துவிட்டன. மச்சான் பையைத் திறந்து கேமராவை எடுத்தார். அதைக் கண்ணுக்குக் கொண்டுபோனால் எல்லாம் முடிந்தது, சட்டையைப் பிடித்தால் சட்டைதான் கையில் மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். ஒரே வழிதான் இருந்தது. கேமராவை வாங்கிவிட்டால் இவர் பழையபடி நாய்க்குப் பயப்படுகிற மனிதர் ஆகிவிடுவார்.

"மச்சான், மொத படம் நான் எடுக்குறேனே. வாங்கினவன் நான், இன்னும் ஒரு தடவகூடத் தொட்டுப் பாக்கல."

அவரால் மறுக்க முடியவில்லை. தானே கழுத்தில் மாட்டிவிட்டு, எந்தப் பொத்தானை அழுத்துவது என்றும் சொல்லிக் கொடுத்தார். நான் நினைத்தபடியே ஆனது. வெறுங்கண்ணால் ஒருமுறை கீழே பார்த்தார். அவர் கை என் தோளைப் பிடித்தது.

"ரொம்பக் கிட்டக்க இருக்குதே மாப்ள. வா, போயிடலாம்."

அப்போதே போயிருக்க வேண்டும். கேட்டு வாங்கியதற்கு மரியாதையாக ஒன்றே ஒன்று எடுத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று கண்ணில் வைத்தேன்.

உள்ளே அது சின்னதாக இருந்தது. விரல் நீளம் இருக்கும். அதைச் சுற்றி ஒரு கட்டம். கட்டத்துக்குள் நாணல், ஈரச் சேறு, வெயில், எல்லாம் அதனதன் இடத்தில் அமைதியாக இருந்தன. என் தொடை நடுக்கம் நின்றது எப்போது என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் பெரிதாக வந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. வந்தது. முதுகில் வரிசையாக மேடுகள். இன்னும் கொஞ்சம். பல் தெரிந்தது, மேல்தாடைக்கு வெளியே ஒவ்வொன்றாக. கண்ணுக்குள் கோடு போல ஒரு கறுப்பு. எவ்வளவு அழகு என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். எங்கோ தூரத்தில், வேறு ஏதோ ஊரில் யாரோ யாரையோ கூப்பிடுவது போலிருந்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தலை கட்டத்தை நிறைக்க இன்னும் ஒரு எட்டு வேண்டியிருந்தது.

என் காலர் பின்னாலிருந்து இழுபட்டது. கழுத்து இறுகிக் கேமரா கண்ணை விட்டு விலகியது. நான் முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்கூட இல்லை. அது வாயைத் திறந்து காற்றை விட்டது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் தூக்கத்தில் கேட்கிறேன். என்னைச் சேற்றில் மல்லாத்தி, இழுத்துக்கொண்டே மேட்டில் ஏறினார் மச்சான். பின்னால் தண்ணீரில் ஏதோ கனமாக விழுகிற சத்தம் கேட்டது. நாய்க்குப் பயந்து மூன்று தெரு சுற்றுகிறவர், கையில் கேமரா இல்லாமல், முழுப் பயத்தோடு, அந்தச் சரிவில் இறங்கி வந்து என்னைப் பிடித்திருக்கிறார்.

ரோட்டுக்கு வந்ததும் இருவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். அவர் அழுதுகொண்டிருந்தார், பிள்ளை அழுவதுபோல வாயைத் திறந்து.

"எத்தன தடவ கூப்புட்டேன் தெரியுமா ஒன்ன? தொண்ட கிழியக் கூப்புட்டேன். காதுல விழலயா?"

"விழல மச்சான்."

அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒங்க அக்கா இப்புடித்தான் நின்னுகிட்டு இருந்தாளா? இத்தன வருசமா?"

நான் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போது அவர் போன் அடித்தது. அக்கா. கை முழுக்கச் சேறு. ஒரு விரலைக் கைலியில் துடைத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவில் அக்கா பேசினாள்.

"எங்கங்க இருக்கீங்க?"

"ரோட்டுலதான்."

"என்னா கொரலு ஒரு மாதிரி இருக்குது? முதலையப் பாத்தீங்களா இல்லயா?"

"பாத்தோம்."

"நிதானமா எடுத்துகிட்டு வாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல. இன்னிக்குத்தான் எனக்குப் பயமே இல்லாம உக்காந்து சமைச்சுகிட்டு இருக்கேன். தம்பி கூட இருக்கான்ல."

மச்சான் போனைப் பார்த்தார். பிறகு என் காலரை மறுபடியும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா" என்றார். "இருக்கான்."